மூட்டையில் கட்டிய உப்பு

அன்புள்ள ஐயா,

சுற்றுச்சூழல் பற்றி விடுதியில் ஓயாத விவாதம். முதலாளித்துவம் ஒழியாமல் ஆறுகள் பிழைக்காது என்கிறான் இடதுசாரி நண்பன். தொழில் வளர்ந்தால் சுத்திகரிப்புத் தொழில்நுட்பம் தானாக வரும் என்கிறான் இன்னொருவன். காந்தியர்களோ நுகர்வைக் குறைக்கச் சொல்கிறார்கள். யாரிடம் தீர்வு இருக்கிறது?

கவின், ஈரோடு

அன்புள்ள கவின்,

ஈரோட்டில் இருந்துகொண்டு நொய்யல் ஆற்றைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல் இக்கேள்வியைக் கேட்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது? காந்தியரை விட்டுவிடுவோம், பனியன் ஏற்றுமதியில் பிழைக்கும் சீமையில் அவர் பேச்சு எடுபடாது.

நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டி 1992இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில், சில ஆண்டுகளிலேயே திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கி நின்றது. 'தேக்காதீர்கள்' என்று பாசன விவசாயிகளே கெஞ்ச வேண்டியதாயிற்று. அணைக்குக் கீழே என் அப்புச்சியின் தோட்டம் இருந்தது. கிணற்று நீரைத் தொட்டியில் ஊற்றினால் எருமை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வரப்பில் பூத்திருந்த வெள்ளையை விரலால் தொட்டு நாக்கில் வைத்து, "சோத்துக்குப் போட்டுக்கலாம் சாமி" என்பார் அப்புச்சி, சிரிக்க மாட்டார்.

விவசாயிகள் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது, முதலாளி ஏற்றுமதி போயிற்று என்றார், தொழிலாளி வேலை போயிற்று என்றார். இரண்டும் பொய்யில்லை. ஆனால் எதிரெதிராக நிற்க வேண்டியவர்கள் என்று உங்கள் நண்பர்கள் கருதும் இருவரும் அன்று ஒரே பக்கம் நின்றார்கள். பட்டறைக்காரர்களில் பலர் தோட்டம் விட்டு வந்தவர்கள்தாம். அப்புச்சி விவசாயிகள் சங்கத்துக்குச் சந்தா கட்டினார். அவர் மகன், என் மாமன், பட்டறையில் பங்கு வைத்திருந்தார். நோம்பிக்கு இருவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள். இதை எந்தக் கட்சியின் கணக்கில் எழுதுவீர்கள்?

சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாத பூஜ்யக் கழிவு வெளியேற்றம் வந்துவிட்டதே என்பான் இரண்டாமவன். வந்தது, மறுக்கவில்லை. ஆர்.ஓ. வடிகட்டியில் நீர் மீள்கிறது, சாயம் துணியில் பிடிக்கப் போட்ட உப்பிலும் ஒரு பகுதி மீள்கிறது. மிஞ்சுவதைக் காய்ச்சி எடுத்தால் கலப்பு உப்பு. எதற்கும் ஆகாததால் அது மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் அடுக்கப்படுகிறது. ஆற்றில் போனது அறைக்குள் வந்திருக்கிறது, அவ்வளவுதான். பட்டறையைத் தொழிலாளர் கையில் கொடுத்தாலும் உப்பு மிஞ்சும். சந்தையிடம் விட்டாலோ வாங்க ஆளில்லாத சரக்கு அது.

அடுத்த கடிதம் எழுதுமுன் அப்படியொரு கொட்டகையைப் போய்ப் பாருங்கள் தம்பி. நண்பர்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மழைக்காலத்தில் போனால் இன்னும் நல்லது, மூட்டை கசிந்து தரை ஈரமாக இருக்கும்.