ஒரு பல்புக்காக நீச்சல் குளத்தையே வற்றவைப்பதா?

எங்கள் நீச்சல் குளம் வினைல் லைனர் (உள்ளே சுவரையும் தரையையும் மூடும் பிளாஸ்டிக் விரிப்பு) போட்டது. தண்ணீருக்குள் இருக்கும் விளக்கு எரியவில்லை. பார்க்க வந்தவர், முழுத் தண்ணீரையும் இறைத்து லைனரையும் மாற்றவேண்டும் என்று வீட்டிலேயே கையெழுத்தும் முற்பணமும் வாங்கிப்போனார். நாலு நாளாகிறது. – ஒரு வாசகர், மார்க்கம் (ஒன்ராறியோ)

தப்பிக்க இன்னும் நேரமிருக்கிறது. ஒன்ராறியோவில், வீட்டில் வைத்துக் கையெழுத்தான இப்படிப்பட்ட ஒப்பந்தத்தை, அதன் பிரதி கையில் கிடைத்து 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். ரத்துச் செய்வதாக அறிவித்து 15 நாளுக்குள் அவர் பணத்தைத் திருப்பித் தரவேண்டும். வாயால் சொன்னாலும் செல்லும், ஆனால் ஆதாரம் இருக்கவேண்டும் என்றால் இன்றைக்கே எழுத்தில் அனுப்புங்கள்.

இந்த வியாபாரத்தைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கொண்டு வரும். விளக்கு, சுவரில் பதித்த ஒரு கூட்டுக்குள் இருக்கிறது. அதைப் பிடித்திருப்பது பெரும்பாலும் விளக்கின் முன்வளையத்தின் மேலே உள்ள ஒரேயொரு திருகாணி. கூட்டுக்குள் வயர் சுருட்டி வைத்திருப்பதே, விளக்கைக் கரைக்குத் தூக்கி எடுக்கத்தான். பிரேக்கரை நிறுத்து, திருகாணியைக் கழற்று, மேலே எடு, துடை, பல்பையும் கேஸ்கற்றையும் (தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) மாற்று, திரும்பவும் வை. ஒரு வாளி தண்ணீர்கூட இறைக்கத் தேவையில்லை. கூட்டுக்குள் தண்ணீர் நிற்பது பழுதல்ல, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். மாறாக, தண்ணீரை இறைத்தால் பழைய லைனர் சுருங்கும், பிறகு இழுபடாமல் மூலையில் கிழியும். அப்புறம் என்ன, புது லைனர் விற்பனை தானாக நடக்கும்! ஒன்று மட்டும் கவனம்: கூட்டின் விளிம்பைச் சுற்றி வரிசையாக உள்ள திருகாணிகள் லைனரைப் பிடித்திருப்பவை. அவற்றில் கை வைக்காதீர்கள்.

இணையத்தில் 12 வோல்ட் எல்ஈடி பல்பு வாங்கிப் போட்டேன். சுவிட்சைப் போட்டதும் 'டப்' என்றது. எங்கள் இணைப்பு 120 வோல்ட்டாம். உத்தரவாதத்தில் மாற்றித் தருவார்களா? – பிரம்ரன்

தரமாட்டார்கள். பெட்டியில் எழுதியிருப்பதை வாசிக்காததற்கு எந்தக் கடையும் உத்தரவாதம் கொடுப்பதில்லை.

முழு விளக்கையும் மாற்றவேண்டுமாம். எந்தக் கம்பனியுடையதும் பொருந்துமா? – ஏஜக்ஸ்

'எல்லாக் கூட்டுக்கும் பொருந்தும்' என்று விளம்பரம் செய்த ஒன்று என் கராஜில் கிடக்கிறது. வளையம் உட்காரவே இல்லை. திருப்பி அனுப்பும் செலவு விளக்கின் விலையைத் தொட்டது. கூட்டின் கம்பனி, மொடல், மின்னழுத்தம், இணைப்புப் பெட்டி வரைக்குமான வயர் நீளம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். நீளம் காணாவிட்டால் இடையில் ஒட்டுப்போட முடியாது.

விளக்கைக் கரையில் வைத்து எரிகிறதா என்று பார்க்கலாமா? – பிக்கரிங்

வேண்டாம். பழைய ஹலோஜன் பல்பைக் குளிரவைப்பது குளத்துத் தண்ணீர்தான், வெளியே எரியவிட்டால் கண்ணாடி வெடிக்கலாம்.

தெரிந்தவர் என்று நம்பி ஒருவரிடம் விளக்கை மாற்றக் கொடுத்தேன். இப்போது போட்டவுடன் பிரேக்கர் விழுகிறது. அவர் போன் எடுப்பதில்லை. பிள்ளைகள் நீந்தக் கேட்கிறார்கள். – ஸ்காபுறோ

பிழை உங்களுடையதல்ல, அம்மா. தெரிந்தவரை நம்பாமல் வேறு யாரை நம்புவது? ஆனால் பிரேக்கரை மீண்டும் மீண்டும் போட்டுப் பார்க்காதீர்கள். பெரும்பாலும் எங்கோ மின்சாரம் கசிவதால்தான் அது விழுகிறது, விளக்குக்குள் தண்ணீர் போயிருக்கலாம். அதை நிறுத்தியே வையுங்கள். சோதித்து முடியும்வரை யாரும் இறங்கவேண்டாம். ஒன்ராறியோவில் கூலிக்கு மின்வேலை செய்ய உரிமம் பெற்ற ஒப்பந்தகாரருக்கே அனுமதி. உரிம இலக்கத்தைக் கேட்டு, மின் பாதுகாப்பு ஆணையத்தின் இணையத்தளத்தில் சரிபார்த்த பின்னரே ஆளைக் கூப்பிடுங்கள். பழைய ஆளைப் பற்றியும் அங்கேயே முறையிடலாம். அவருக்குப் பணம் அனுப்பிய பதிவையும் குறுஞ்செய்திகளையும் அழிக்காதீர்கள், சிறு உரிமைக்கோரல் நீதிமன்றத்தில் அவைதான் சாட்சி.