கடைசிக் கால்வாசியில் வரும் பிரிவு ஏன் ஒட்டவில்லை?

காதல் நாவலை முக்கால்வாசி ஆசையாகப் படித்துவிட்டு, கடைசியில் ஜோடிக்குள் வரும் திடீர்ப் பிரிவில் வெறுத்துப்போகிறது என்கிறீர்கள். குறை உங்கள் ரசனையில் இல்லை; பெரும்பாலும் எழுத்தாளர் அந்தப் பிரிவுக்கு முன்பே விதை போடவில்லை, அதுதான்.

இப்போதைய காதல் நாவல்களில் கதை 75–80 சதவீதம் நகர்ந்ததும் ஒரு பிரிவு வருவது வழக்கமாகிவிட்டது. அது பாத்திரத்தின் பயத்திலிருந்து முளைக்க வேண்டும். பாதி கேட்ட போன் பேச்சிலிருந்து முளைத்தால் ஒட்டாது.

சோதித்துப் பாருங்கள்:

1. பிரிவுக் காட்சியில் நிறுத்துங்கள். இருவரும் ஐந்து நிமிஷம் மனம்விட்டுப் பேசினால் தீருமா? தீரும் என்றால் அது ஒட்டுப்போட்ட பிரிவு.

2. முதல் நான்கு அத்தியாயங்களைத் திரும்பப் புரட்டுங்கள். 'நம்பினால் விட்டுப் போய்விடுவார்கள்' என்பதுபோல ஒரு பயம் அங்கேயே தெரிந்தால், அவசரத்தில் நாம் தவறவிட்டிருக்கிறோம்.

எமிலி ஹென்றியின் 'ஹாப்பி பிளேஸ்' (2023) நாவல் உங்களுக்குப் பொருந்தலாம். ஜோடி தொடக்கத்திலேயே பிரிந்துவிட்டது. நண்பர்களிடம் அதை மறைத்துச் சேர்ந்திருப்பதாக நடிக்கிறார்கள். பிரிவார்களா என்ற பதற்றமே கிடையாது, ஏன் பிரிந்தார்கள் என்பதுதான் இழுத்துக்கொண்டு போகிறது.

மூன்று நட்சத்திர விமர்சனங்களில் 'தேர்ட் ஆக்ட் பிரேக்கப்' (third-act breakup, இந்தக் கடைசிக் கட்டப் பிரிவுக்கான ஆங்கிலப் பெயர்) என்று தேடினால் முன்பே தெரிந்துவிடும், ஆனால் முடிவும் சேர்ந்து கசியும். பிரிவே இல்லாத கதையாகத் தேடினாலும் கவனம்: வேறு நெருக்கடி இல்லாவிட்டால் நடுவில் தொய்ந்துவிடும்.