ராஜா வம்சம் என்று சான்றிதழ் தருகிறார்களாம், வாங்கலாமா?

கேள்வி: என் கணவர் இங்கிலாந்துக்காரர். அவருடைய குடும்பப் பெயர் ‘ஃபிட்ஸ்’ என்று தொடங்கும். அவர் நார்மன் அரசர் முதலாம் ஹென்றியின் வழித்தோன்றல் என்று வம்சாவளி தேடித்தரும் ஒரு நிறுவனம் அட்டவணை அனுப்பியிருக்கிறது. ஹென்றி, அடிலைசா ராணி, அவர்கள் பிள்ளைகள் என்று வரிசை இறங்குகிறது. 350 பவுண்டு கட்டினால் சான்றிதழும் குலச்சின்னமும் வருமாம். மகளுக்குப் பிறந்தநாள் பரிசாகத் தரலாமா?

பதில்: பணம் கட்டாதீர்கள். அட்டவணையின் இரண்டாவது வரியே தப்பு.

ஹென்றி, இங்கிலாந்தை வென்ற வில்லியமின் கடைசி மகன். 1100இல் அரசராக இருந்த அண்ணன் வேட்டைக் காட்டில் அம்பு பட்டு இறந்த மூன்றாம் நாளே முடிசூடிக்கொண்டார். அந்த வருடமே ஸ்காட்லாந்து இளவரசி மெட்டில்டாவை மணந்தார். அவர்களுக்கு வளர்ந்து ஆளான பிள்ளைகள் இரண்டு பேர்: மகள் மெட்டில்டா, மகன் வில்லியம். 1120 நவம்பரில் பார்ஃப்ளர் துறைமுகத்தை விட்டுக் கிளம்பிய வெள்ளைக் கப்பல் பாறையில் மோதி மூழ்கியது. பட்டத்து இளவரசன் வில்லியமும் அதில் போய்விட்டான். ஆண் வாரிசு வேண்டுமென்று மறு வருடமே ஹென்றி அடிலைசாவை மணந்தார். 1135இல் அவர் சாகும்வரை அந்தத் திருமணத்தில் குழந்தையே இல்லை. அப்புறம் அடிலைசா வில்லியம் தொபினி என்ற பிரபுவை மணந்து பல பிள்ளைகள் பெற்றார். அந்தப் பிள்ளைகளைத் தூக்கி ஹென்றி கணக்கில் எழுதுவது இணையத்தில் தினமும் நடக்கிறது. ஒருவர் தப்பாகப் போட்ட வம்ச மரத்தை ஆயிரம் பேர் நகல் எடுக்கிறார்கள். தரகர் அதையே பளபளப்பான தாளில் அச்சடித்து விற்கிறார்.

‘ஃபிட்ஸ்’ என்றால் ‘மகன்’, அவ்வளவுதான். நம் இனிஷியல் மாதிரி, அந்தக் காலத்தில் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். அதில் ராஜ ரத்தம் எதுவும் தெரியாது. ‘ராஜாவின் மகன்’ என்றே பொருள்படும் ஃபிட்ஸ்ராய் பெயர் கொண்ட கிராஃப்டன் பிரபு குடும்பம்கூட, ஹென்றிக்கு ஐந்து நூற்றாண்டு கழித்து வந்த இரண்டாம் சார்லஸின் மகன் வழி வந்ததுதான்.

குலச்சின்னம் இன்னொரு வியாபாரம். இங்கிலாந்தில் அது ஒரு தனிமனிதருக்கும் அவர் சந்ததிக்கும் தரப்படுவது, குடும்பப் பெயருக்கு இல்லை. ஹென்றி காலத்தில் பரம்பரைச் சின்னம் என்ற வழக்கமே வேரூன்றவில்லை.

சரி, உங்கள் கணவர் ஹென்றி வழி வந்தவரே இல்லையா? வந்திருக்கவே வாய்ப்பு அதிகம்! தலைமுறைக்குத் தலைமுறை முன்னோர் இரட்டிப்பாவார்கள். 30 தலைமுறை பின்னால் போனால் கணக்குப்படி 100 கோடிக்கு மேல் வரும். அன்றைய இங்கிலாந்தில் இருந்ததோ சுமார் 20 லட்சம் பேர். ஆக, அதே ஆட்கள்தான் திரும்பத் திரும்ப வருகிறார்கள். ஹென்றிக்குத் திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைகள் 20 பேருக்கும் மேல். இங்கிலாந்தில் வேர் உள்ள யார் மரத்திலும் எங்கோ ஒரு கிளையில் அவர் இருப்பார். நிரூபிப்பதுதான் கஷ்டம். கிராமத்து தேவாலயப் பதிவேடுகள் 1538இல்தான் தொடங்கின. ஹென்றி இறந்ததற்கும் அதற்கும் நடுவே 400 வருடம். சாதாரணக் குடும்பங்களுக்கு அந்த இடைவெளியைத் தாண்டப் பாலம் இல்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு, அதை நிதானமாகப் படியுங்கள். உங்கள் கணவரின் முன்னோர் ஒருவர், தாய் வழியானாலும் சரி, 16, 17ஆம் நூற்றாண்டில் நிலவுடைமைக் குடும்பத்தில் இருந்தார் என்று ஆவணத்தோடு காட்ட முடிந்தால் கதவு திறக்கும். அரசரிடமிருந்து நிலம் பெற்றவர் இறந்தால் வாரிசு யார் என்று விசாரித்து எழுதிவைத்தார்கள். 13ஆம் நூற்றாண்டு முதல் அந்த ஆவணங்கள் இருக்கின்றன. அதற்கு மேலே போக, ஹென்றிக்குத் திருமணத்துக்கு வெளியே பிறந்த மகன் குளோஸ்டர் ராபர்ட், அவர் மகன் வில்லியம், வில்லியமின் மகள் அமிசியா, அவள் வழி வந்த கிளேர் குடும்பம் என்று தெளிவான பாதை உண்டு. ஆனால் 1530 முதல் 1688 வரை அரச அதிகாரிகள் ஊர் ஊராகப் போய் எழுதிய வம்சப் பட்டியலை மட்டும் நம்பிவிடாதீர்கள். தாத்தா, கொள்ளுத்தாத்தா வரை அது சரியாக இருக்கலாம். அதற்கு மேலே குடும்பம் சொன்னதையே எழுதிக்கொண்டு போன இடங்கள் நிறைய. நில ஆவணம் ஒன்று கூடவே நின்றால்தான் அதற்கு மதிப்பு.

இதையெல்லாம் நீங்களே தேடலாம் என்று சொல்ல ஆசைதான். ஆனால் ஒவ்வொரு பிறப்புச் சான்றுக்கும் தனிக் கட்டணம், பதிவேடுகள் மாவட்டத்துக்கு ஒன்றாகச் சிதறிக் கிடக்கின்றன, பாதி ஆவணங்கள் சந்தா கட்டும் தளங்களுக்குள். சொந்தப் பாட்டியின் பெயரைப் பார்க்க எத்தனை தடவை பணம் கட்டுவது? வம்சாவளி ஆய்வாளர் என்று பலகை மாட்ட உரிமமும் தேவையில்லை. தரகர்கள் பெருகுவது இதனால்தான்.

அந்த நிறுவனத்திடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: 1135க்கும் 1538க்கும் நடுவே ஒவ்வொரு தலைமுறைக்கும் என்ன ஆவணம், அது எந்தக் காப்பகத்தில் இருக்கிறது? பதில் வராது.

பிறந்தநாளுக்கு மகளை ரெடிங் நகருக்குக் கூட்டிப்போங்கள். 1121இல் ஹென்றி நிறுவிய மடத்தின் இடிபாடுகள் அங்கே நிற்கின்றன. அவரைப் புதைத்ததும் அங்கேதான். கல்லறை எந்த இடத்தில் என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்லுங்கள், அவள் கண்கள் விரியும்.