பீட்டர் டோஷ்: வெட்டும் அடக்கமும்

வணக்கம்.

ஜமைக்காவின் ரெகே பாடகர் பாப் மார்லியைத் தேடப் போய், அவரோடு வெய்லர்ஸ் குழுவில் பாடிய பீட்டர் டோஷிடம் வந்து நிற்கிறேன். வெய்லர்ஸை விட்டு விலகியதோடு டோஷின் கதை முடிந்தது என்கிறார்கள் நண்பர்கள். உண்மையா? இன்னொன்று, 'கெட் அப், ஸ்டாண்ட் அப்' பாட்டை கிட்டாரில் கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) பிசகாமல்தான் வாசிக்கிறேன். ஆனாலும் ரெகே மாதிரியே இல்லை. எங்கே தப்பு?

எம்.

அன்புள்ள எம்.,

முதலில் கிட்டார்.

அந்தப் பாட்டு கிட்டத்தட்ட முழுக்க ஒரே மைனர் கார்டில் ஓடுவது. அதில் தப்பு நேர வழியில்லை. கார்டை நீங்கள் நீளமாக ஒலிக்க விட்டுவிடுகிறீர்கள் என்றுதான் நினைக்கிறேன். நான்கு எண்ணினால் ரெகே கிட்டார் 2-லும் 4-லும் மட்டுமே வரும். ரெகேயின் 'ஒன் டிராப்' தாளத்தில் பாஸ் டிரம்மும் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) ஸ்நேரும் (குச்சியால் அடிக்கும் சிறிய டிரம்) சேர்ந்து 3-ல் விழும், 1 காலி.

ஏழாவது ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தின் ஏழாவது கட்டத்தில்) மெல்லிய மூன்று தந்திகளை மட்டும் ஒரே விரலால் அழுத்துங்கள். பி மைனர் வந்துவிடும். கனத்த தந்திகள் வேண்டாம், அது பாஸ் கிட்டாரின் இடம். வலக்கையால் கீழ்நோக்கி ஒரே வெட்டு, அதாவது சட்டென்று ஒரு மீட்டு. வெட்டிய கணமே அழுத்தத்தைத் தளர்த்துங்கள், ஆனால் விரல் தந்தியை விட்டு எழும்பக் கூடாது. பலரும் சிக்கிக்கொள்வது இங்கேதான்: ஏழாவது ஃப்ரெட்டில் ஒற்றை விரலைத் தளர்த்தினால் ஹார்மோனிக் என்ற மெல்லிய மேல்சுரம் மணிபோல் கிணுகிணுக்கும். மற்ற விரல்களையும் தந்திகள்மேல் படுக்கப் போடுங்கள், அடங்கிவிடும். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 70-ல் வைத்து, டிக்குகளை 2, 4 என்று எண்ணிப் பழகுங்கள். டிக் சத்தம் உங்கள் வெட்டுக்குள் மறைந்துபோக வேண்டும்.

மார்லியோடு சேர்ந்து அந்தப் பாட்டை எழுதியவர் டோஷ். 1973 பதிவில் மூன்றாம் சரணம் அவர் குரல். 1974-ல் விலகினார். 1976-ல் 'லீகலைஸ் இட்' ஆல்பம், கஞ்சாவைச் சட்டப்படி அனுமதிக்கச் சொல்வது. அதன் தலைப்புப் பாடலை ஜமைக்கா வானொலியில் தடை செய்தார்கள். மறுவருடம் வந்த 'ஈக்வல் ரைட்ஸ்'தான் அவருடைய உச்சம் என்பேன். ஸ்லை டன்பார் டிரம்ஸ், ராபி ஷேக்ஸ்பியர் பாஸ். 1978 ஏப்ரலில் ஜமைக்கா தலைநகர் கிங்ஸ்டனில் ஒரு மேடையில், பிரதமரும் எதிர்க்கட்சித் தலைவரும் எதிரே இருக்க, கஞ்சாச் சட்டத்தைக் கண்டித்துப் பேசினார். சில மாதங்களில் போலீஸ் அவரைப் பிடித்து மண்டை உடைய அடித்தது. பிரிட்டிஷ் ராக் குழுவான ரோலிங் ஸ்டோன்ஸின் இசை நிறுவனத்துக்காக, அதன் பாடகர் மிக் ஜாகரோடு ஒரு பாட்டுப் பாடியதும் அதே ஆண்டுதான். பெயர் பரவியது, ஆனால் அவர் பலம் அந்தப் பாட்டில் இல்லை. 1987 செப்டம்பர் 11 அன்று கிங்ஸ்டனில் சொந்த வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார், வயது 42. அந்த ஆண்டு வெளியான 'நோ நியூக்ளியர் வார்' ஆல்பம் 1988-ல் கிராமி வாங்கியது. ஆக, வெய்லர்ஸை விட்டு விலகிய பிறகு பதின்மூன்று வருட உழைப்பு. முடிந்த கதை என்று எப்படிச் சொல்ல?

'ஈக்வல் ரைட்ஸ்' ஆல்பத்தில் 'கெட் அப், ஸ்டாண்ட் அப்' பாட்டை டோஷ் தனியாகத் திரும்பப் பாடியிருக்கிறார். 1973 பதிவையும் இதையும் ஹெட்ஃபோனில் அடுத்தடுத்துக் கேளுங்கள். முதல் தடவை குரலை விட்டுவிட்டு கிட்டாரை மட்டும் பின்தொடருங்கள்.