வெளிநாட்டு பையரிடம் புகார் சொன்னால் வேலை போய்விடுமா?

கேள்வி: ஏற்றுமதி கார்மென்ட்ஸ் கம்பெனியில் டெய்லராக இருக்கிறேன். லைன் சூப்பர்வைசர் பெண்களிடம் காது கூசும்படி பேசுகிறார், உரசிக்கொண்டு நிற்கிறார். ஹெச்.ஆரிடம் வாய்மொழியாகச் சொன்னோம், பலனில்லை. நாங்கள் தைக்கும் துணியில் ஐரோப்பியக் கம்பெனியின் லேபிள் இருக்கிறது. அவர்களுக்கே எழுதலாமா? ஆர்டர் நின்றுபோனால் எல்லோருக்கும் வேலை போகுமே என்று கூட வேலை செய்பவர்கள் பயப்படுகிறார்கள்.

பதில்: எழுதலாம். ஆனால் அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, அதைத் தள்ளிப்போடாதீர்கள். 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி, கடைசியாக நடந்த சம்பவத்திலிருந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பெண் தலைமையிலான உள் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும். குழுவே இல்லை என்றாலோ, முதலாளி மீதே புகார் என்றாலோ, மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். ஆட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள். விசாரணை முடியும்வரை அந்த சூப்பர்வைசரையோ உங்களையோ வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லியும் எழுத்தில் கேட்கலாம். கொடுத்த மனுவை தேதி தெரியும்படி போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பையரிடம், அதாவது துணிக்கு ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டுக் கம்பெனியிடம், பேசும்போது இதுதான் உங்கள் கையில் இருக்கும் பலமான சான்று.

அடுத்து பையர். 'எங்களிடம் நடத்தை விதிகள் உண்டு, வருடா வருடம் ஆலையில் ஆடிட் (சோதனை) நடக்கிறது' என்று பதில் வரும். அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். கராச்சியில் அலி என்டர்பிரைசஸ் ஆலைக்கு தொழிலாளர் நிலைமை நன்றாக இருப்பதாகச் சொல்லும் எஸ்.ஏ.8000 என்ற சர்வதேசச் சான்றிதழ் கிடைத்த சில வாரங்களில், 2012 செப்டம்பரில், அங்கே தீப்பிடித்து 250க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆடிட் அன்றைக்கு என்ன பேச வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுப்பது உங்களுக்குத் தெரியாததா?

பையரைச் சட்டப்படி கட்டிப்போடும் ஒப்பந்தம்தான் வேலை செய்கிறது. 2013 ஏப்ரலில் வங்கதேசத்தில் ராணா பிளாசா என்ற கார்மென்ட்ஸ் ஆலைக் கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டவர்கள் இறந்த பிறகு, உலகத் தொழிற்சங்கங்கள் 200க்கும் மேற்பட்ட கம்பெனிகளைப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட வைத்தன. வாக்குத் தவறிய ஒரு கம்பெனியை ஹேக் நகரத் தீர்ப்பாயத்துக்கு இழுத்தன. 2018இல் அந்தக் கம்பெனி 23 லட்சம் டாலர் தரச் சம்மதித்தது. நடத்தை விதி என்ற பெயரில் சுவரில் ஒட்டும் தாளால் இப்படி ஒரு ரூபாய்கூட வாங்க முடியாது.

நம் ஊரிலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. 2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கத்து ஆலை ஒன்றில் வேலை செய்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். அவருடைய சூப்பர்வைசர் கைதானார். பெண்கள் தலைமையில் இயங்கும் டி.டி.சி.யு. என்ற தமிழ்நாட்டு ஜவுளித் தொழிலாளர் சங்கம் அதோடு விடவில்லை. ஆசியத் தொழிலாளர் அமைப்புகளின் கூட்டணியான ஆசியா ஃப்ளோர் வேஜ் அலையன்ஸும் அமெரிக்கத் தொழிலாளர் உரிமை அமைப்பு ஒன்றும் கைகோத்தன. 2022இல் ஆலையின் உரிமையாளரான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸும், ஹெச் அண்ட் எம், கேப், பி.வி.ஹெச். ஆகிய பையர்களும் கையெழுத்திட்டார்கள். அதுதான் திண்டுக்கல் ஒப்பந்தம். தையல் தளத்திலேயே பயிற்சி பெற்ற பெண் கண்காணிப்பாளர்கள், வெளியாட்கள் விசாரிக்கும் புகார் முறை, புகார் சொன்னவரைப் பழிவாங்கத் தடை, ஆலை விதி மீறினால் வியாபாரத்தில் விளைவு. இந்த ஏற்பாட்டில் நான் மிகவும் மதிப்பது முதலில் சொன்னதை. தொல்லை நடக்கும் லைனிலேயே அதைக் கண்டு சொல்ல ஒரு பெண் இருக்கிறார்.

இப்போது உங்கள் பயம். அது நியாயமான பயம். 2022 ஜூலையில் அமெரிக்கச் சுங்கத்துறை அதே ஆலையின் துணியைத் தடுத்து நிறுத்தியது. நிலைமை திருந்தியதைக் காட்டிய பிறகு, செப்டம்பரில் தடை நீங்கியது. தடை நெடுநாள் நீடித்திருந்தால் அடி தொழிலாளிக்குத்தான். அதனால் கடிதத்தில் தெளிவாகக் கேளுங்கள்: 'ஆர்டரை எடுக்காதீர்கள். ஆலையைத் திருத்த வையுங்கள். எங்கள் சங்கத்தோடு உட்கார்ந்து பேசுங்கள்.'

லேபிளில் உள்ள பெயர், ஸ்டைல் நம்பர், தைத்த மாதம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரிய கம்பெனிகள் பல தங்கள் ஆலைப் பட்டியலை இணையத்தில் வெளியிடுகின்றன. ஓப்பன் சப்ளை ஹப் என்ற தளத்திலும் இலவசமாகத் தேடலாம். பையர் ஜெர்மன் கம்பெனியாக இருந்தால் இன்னொரு வழி உண்டு. 2023இல் அமலுக்கு வந்த அந்நாட்டுச் சட்டம், பெரிய கம்பெனிகள் வெளிநாட்டு ஆலைத் தொழிலாளர்களின் புகாரையும் கேட்க வேண்டும் என்கிறது. அதைத் தளர்த்தும் முயற்சி நடப்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

ஜெனீவாவில் உள்ள ஐ.எல்.ஓ.வுக்கு (சர்வதேசத் தொழிலாளர் அமைப்புக்கு) எழுதலாமா என்று பலர் கேட்கிறார்கள். அங்கே தனிநபர் புகார் கொடுக்க முடியாது. தொழிற்சங்கம், முதலாளிகள் அமைப்பு, அரசு ஆகியவைதான் கொடுக்கலாம். சங்கம் சேரும் உரிமை பற்றிய 87, 98ஆம் உடன்படிக்கைகளை இந்தியா ஏற்காவிட்டாலும், அந்த உரிமை பறிக்கப்பட்டால் சங்கம் அங்கே முறையிடலாம்.

எந்தக் கதவைத் தட்டினாலும் உங்கள் பின்னால் சங்கம் இருப்பது முக்கியம். தனி ஆளாக உங்கள் பெயரில் பையருக்கு எழுத வேண்டாம். உங்கள் பகுதி சங்கத்தில் சேர்ந்து, அதன் லெட்டர்பேடில் அனுப்புங்கள். அனுப்பிய பிறகு உங்களை வேறு செக்‌ஷனுக்கு மாற்றினாலோ, ஓ.டி.யை நிறுத்தினாலோ, தேதியோடு எழுதி வைத்து அன்றைக்கே சங்கத்திடம் சொல்லுங்கள். மிரட்டல் வந்தால் 181 மகளிர் உதவி எண்ணுக்கு உடனே அழையுங்கள்.