அப்பச்சியின் பாதத்துக் கரும்புள்ளியும் என்சைம் மாத்திரையும்

வணக்கம் தம்பி. பழனி பாதயாத்திரை போய்வந்த அப்பச்சியின் குதிகாலில் கரும்புள்ளி, பயாப்சியில் (சதைத் துணுக்குச் சோதனையில்) மெலனோமா என்ற தோல் புற்றுநோய், காரைக்குடியில் உறவினர் ஒருவர் 'என்சைம் கோளாறுதான், என்சைம் மாத்திரை போதும்' என்கிறார், சரியா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவர் சொன்னதில் பாதி சரி. என்சைம் என்பது உடலின் வேதிவேலைகளை முடுக்கிவிடும் புரதம். பிராஃப் (BRAF), கிட் (KIT) என்ற புரதங்களும் என்சைம்கள்தான். செல்லைப் பெருகச் சொல்வது இவற்றின் வேலை. மரபணு மாறினால், மிதித்த ஆக்ஸிலேட்டர் மேலே வராத வண்டி மாதிரி ஓயாமல் கட்டளை போகும். அப்புறம் கொலாஜனை அரிக்கும் வேறு சில என்சைம்கள், கட்டி ஆழமாக இறங்க வழிவிடும். ஆக, சிக்கல் என்சைம் குறைவதால் இல்லை, அடங்காமல் வேலை செய்வதால். கடையில் விற்பவை பெரும்பாலும் செரிமான என்சைம்கள். அவற்றுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. என்சைம் இருக்கிறதென்று பப்பாளிப் பால் தடவச் சொன்னாலும் வேண்டாம், புண்தான் மிஞ்சும்.

வெயிலில் வெறுங்காலோடு நடந்ததால் வந்ததோ என்று அப்பச்சி வருந்த வேண்டாம். பாதத்தில் வரும் வகைக்கு வெயில் பெரிய காரணமே இல்லை.

பயாப்சி அறிக்கையில் கட்டியின் ஆழம் மில்லிமீட்டரில் இருக்கும். முதலில் அதைப் பாருங்கள். பரவாத நிலையில் சுற்றுச் சதையோடு வெட்டி எடுப்பதுதான் முதல் வைத்தியம். தொடை இடுக்கு நெறிக்கட்டியையும் சோதிக்க வேண்டுமா என்று கேளுங்கள். பரவியிருந்தால் பிராஃப், கிட் சோதனை செய்யச் சொல்லுங்கள். மாற்றம் தெரிந்தால் அந்த என்சைமை அடக்கும் மாத்திரைகள் உண்டு. மதுரையில் புற்றுநோய் நிபுணரை இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.