லேசாக மஞ்சள் தட்டிய வைரம் மோதிரத்துக்கு ஆகுமா?

கேள்வி: எங்கள் காக்கா (அண்ணன்) துபாயில் வேலை பார்க்கிறார். அடுத்த மாதம் அவருக்கு நிச்சயதார்த்தம். மச்சிக்கு (அண்ணியாக வரப்போகிறவருக்கு) போட ஒற்றைக் கல் வைர மோதிரம் எடுக்கும் பொறுப்பை என்னிடம் விட்டுவிட்டார். ராமநாதபுரத்தில் ஒரு கடையில் இரண்டு கல் காட்டினார்கள். இரண்டும் வட்டக் கல், சுத்தம் விஎஸ்2 (சின்னக் குறைகள் லென்ஸில்தான் தெரியும் தரம்). ஒன்று 50 சென்ட் (அரை கேரட் எடை), ஜி நிறம். மற்றது 70 சென்ட், கே நிறம். விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். பெரிய கல் மேலிருந்து பார்த்தால் பளிச்சென்று இருக்கிறது, பக்கவாட்டில் பார்த்தால் லேசான மஞ்சள். "மஞ்சத் தட்டுன கல்லைப் போட்டா பொண்ணு வீட்டுல என்ன நினைப்பாங்க?" என்கிறார் உம்மா. எதை எடுக்கலாம்? மஞ்சள் தங்கமா, வெள்ளைத் தங்கமா?
– வாசகி, கீழக்கரை

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

மோதிரம் மஞ்சள் தங்கத்தில் என்றால் 70 சென்ட் கே கல்லை எடுங்கள். வெள்ளைத் தங்கம் அல்லது பிளாட்டினம் என்றால் 50 சென்ட் ஜி. மாற்றிச் செய்தால் இரண்டு விதத்திலும் நஷ்டம். வெள்ளை உலோகம் கே கல்லின் மஞ்சளை எடுத்துக் காட்டும். மஞ்சள் தங்கத்தின் சாயல் ஜி கல்லுக்குள் ஏறிவிடும், வெண்மைக்காகக் கூடுதலாகக் கொடுத்த காசு தெரியாமல் போகும். ஆகவே முதலில் மச்சிக்கு எந்த நிற உலோகம் பிடிக்கும் என்று காக்காவை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.

வைரத்தின் நிற வரிசை ஆங்கில எழுத்து டி-யில் தொடங்கி இசட் வரை போகிறது. டி, இ, எஃப் நிறமற்றவை. ஜி முதல் ஜே வரை கிட்டத்தட்ட நிறமற்றவை. கே, எல், எம் மெல்லிய சாயல் உள்ளவை. உங்கள் கல் இந்த மூன்றில் முதல் படியில் நிற்கிறது. ஒன்றைக் கவனியுங்கள்: ஆய்வகத்தில் நிறம் பார்க்கும்போது கல்லைக் கவிழ்த்து வைத்து, அடிப்பக்கத்திலிருந்து, மாதிரிக் கற்களோடு ஒப்பிட்டுத்தான் எழுத்துக் கொடுக்கிறார்கள். விரலில் போட்ட மோதிரத்தை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. நன்றாக வெட்டிய கல் மேலிருந்து விழும் வெளிச்சத்தை மேலேயே திருப்பி அனுப்பிவிடும். அந்த மினுமினுப்பில் சாயல் அடங்கிப்போகும். நீங்கள் கடையில் கண்டதும் இதுதான்.

மஞ்சளுக்குக் காரணம் நைட்ரஜன். வைரம் மண்ணுக்கடியில் உருவானபோது உள்ளே சேர்ந்த நைட்ரஜன் அணுக்கள் நீல ஒளியில் கொஞ்சத்தை உறிஞ்சிக்கொள்கின்றன, மீதி ஒளி மஞ்சளாக வருகிறது. இயற்கை வைரங்களில் மிகப் பெரும்பாலானவற்றில் நைட்ரஜன் உண்டு, அளவுதான் கூடும் குறையும். இதனால் கல் உடையாது, மங்காது, நாளாக நாளாக மஞ்சள் ஏறவும் செய்யாது. உம்மாவிடம் இன்னொன்றும் சொல்லலாம்: பழந்தமிழ் நூலோர் வைரத்துக்குக் குற்றம் என்று எண்ணியவை காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்ற நான்கு. கல்லுக்குள் இருக்கும் விரிசல், கறை, புள்ளி, கோடுதான் அவர்கள் கண்ணில் குறை. நிறத்தை அந்தக் கணக்கில் சேர்க்காமல் தனி வகையாகப் பிரித்தார்கள்.

பெண் வீட்டார் பார்க்கப்போவது கை நீட்டும் தூரத்திலிருந்து. சரியாக வெட்டிய 50 சென்ட் வட்டக் கல்லின் விட்டம் சுமார் 5.1 மில்லிமீட்டர், 70 சென்ட் கல்லுக்கு 5.7. முகப்புப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல். அந்தத் தூரத்தில் கண்ணில் படுவது இந்த வித்தியாசம்தான். ஆனால் டி நிற மோதிரம் போட்ட ஒருவர் பக்கத்தில் கையை நீட்டினால் கே கல்லின் சாயல் தெரியத்தான் செய்யும். அது உறுத்துமென்றால் 60 சென்ட் அளவில் ஐ அல்லது ஜே கல் ஒன்று காட்டச் சொல்லுங்கள், அது நடுவழி.

இனி, அந்தக் கே கல் எப்படிப்பட்ட கே என்று பார்க்க வேண்டும். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். எழுத்து ஒன்றாக இருந்தாலும் சாயல் மஞ்சளாக, பழுப்பாக, பச்சையாக, சாம்பலாக இருக்கலாம். மஞ்சள் தங்கத்தில் மஞ்சள் சாயல் கலந்துவிடும். பழுப்பு கல்லை அழுக்காகக் காட்டும், பச்சைச் சாயலும் மஞ்சள் தங்கத்தோடு ஒட்டாது. சூரத் வியாபாரிகள் "நோ பிஜிஎம்" என்று கேட்டு வாங்குவார்கள். பழுப்பு, பச்சை, பால் மங்கல் மூன்றும் இல்லாத கல் என்று பொருள். நீங்களும் அதே வார்த்தையில் கேளுங்கள், கடைக்காரர் உங்களை வேறு கண்ணால் பார்ப்பார். ஜிஐஏ என்ற அமெரிக்க ரத்தினப் பரிசோதனை நிறுவனத்தின் அறிக்கையில் கே முதல் கீழே உள்ள பழுப்புக் கல்லானால் எழுத்தோடு "மெல்லிய பழுப்பு" என்றும் குறித்திருக்கும். ஜே வரைக்கும் அப்படிக் குறிப்பதில்லை, அதனால் ஐ, ஜே பக்கம் போனால் கண்ணைத்தான் நம்ப வேண்டும். பால் மங்கலை எந்த அறிக்கையும் நேரடியாகச் சொல்லாது.

சோதனையைக் கடை விளக்கில் செய்யாதீர்கள். நகைக்கடை எல்இடி விளக்குகள் கல்லை மினுக்கிக் காட்டத்தான் வைக்கப்பட்டிருக்கின்றன. காலை 9 மணிக்கு மேல் 11-க்குள் போய், இரண்டு கல்லையும் வாசல் நிழலுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். நேர் வெயில் கூடாது. நம் கடலோர வெயிலில் எந்த வைரமும் கண்ணைக் கூசவைக்கும், நிறம் பிடிபடாது. சாயங்கால வெளிச்சமே மஞ்சள், அதுவும் வேண்டாம். பக்கத்தில் பச்சைச் சுவரோ உங்கள் மேல் சிவப்புத் துப்பட்டாவோ இருந்தால் அந்த நிறம் கல்லுக்குள் விழும். வெள்ளை அல்லது சாம்பல் உடுப்பில் போங்கள்.

வெள்ளைத் தாள் ஒன்றை வாய்க்கால் மாதிரி மடித்து, இரண்டு கல்லையும் தட்டையான முகம் கீழே இருக்கும்படி பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். சாதாரண வெள்ளைத் தாளில் வெளுப்பேற்றும் பொருள் இருப்பதால் கொஞ்சம் நீலம் அடிக்கும். இரண்டும் ஒரே தாளில் இருந்தால் அந்தப் பிழை இரண்டுக்கும் சமம். சொட்டு நீலம் போட்ட துணியில் மட்டும் வைக்காதீர்கள். ஒரு ஜாண் தூரத்தில் பக்கவாட்டாகப் பாருங்கள். மினுப்பு தொந்தரவு செய்தால் கல்லின் மேல் ஒருமுறை ஊதுங்கள். மூச்சுப் பனி படிந்த இரண்டொரு நொடி கல்லின் உடல் நிறம் மட்டும் தெரியும். வெண்ணெய் மாதிரி சுத்த மஞ்சள் என்றால் நல்லது. பிறகு கல்லை நிமிர்த்தி, இரு விரலின் இடுக்கில் வைத்துத் தோலோடு சேர்த்துப் பாருங்கள். இந்த நிலையில் இரண்டு கல்லுக்கும் வேறுபாடு சொல்லத் திணறினால் கே கல் தேறிவிட்டது.

கடையில் ரூபாய் நோட்டு பார்க்கும் ஊதா விளக்கு இருக்கும். அதன் கீழே கல்லைக் காட்டச் சொல்லுங்கள். சில வைரங்கள் நீலமாக ஒளிரும். நம் வீட்டுப் பெரியவர்கள் புளூ ஜாகர் என்று தேடி வாங்கிய தோட்டுக் கற்களில் இந்த நீல ஒளிர்வு பேர்போனது. கே கல்லுக்கு நடுத்தர நீல ஒளிர்வு நல்லதே. பகல் வெளிச்சத்தில் உள்ள புறஊதாக் கதிர் அந்த நீலத்தைத் தூண்டி மஞ்சளைக் கொஞ்சம் ஈடுகட்டும். இரவு விளக்கில் அந்த உதவி கிடையாது. ஒளிர்வு மிகப் பலமாக இருந்தால் மட்டும் வெயிலில் ஒருமுறை பாருங்கள், எண்ணெய் படிந்த மாதிரி மங்கினால் விட்டுவிடுங்கள். மஞ்சளாக ஒளிரும் கல் வேண்டவே வேண்டாம்.

சாயல் உள்ள கல்லுக்கு வெட்டுதான் உயிர். அறிக்கையில் வெட்டு 'எக்ஸலன்ட்' என்று இருக்க வேண்டும். மேல் தட்டையின் அகலம் விட்டத்தில் 54 முதல் 58 விழுக்காடு, மொத்த ஆழம் 60 முதல் 62.4, மேல் கோணம் 34 முதல் 35 பாகை, கீழ்க்கோணம் 40.6 முதல் 41 என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். 70 சென்ட் என்று சொல்லி விட்டம் 5.5-க்குக் கீழே இருந்தால் எடை அடிவயிற்றில் ஒளிந்திருக்கிறது. காசு கொடுத்தது 70-க்கு, கண்ணுக்குத் தெரிவது 60-தான். அப்படி ஆழமான கல்லில் மஞ்சளும் கூடத் தெரியும். நீள்வட்டம், பேரிக்காய் வடிவங்களில் சாயல் முனைகளில் போய்க் குவியும். கே நிறத்தில் வட்டத்தை விட்டு விலகாதீர்கள்.

விலையில் ஒரு நுணுக்கம். வைரச் சந்தையின் விலைப்பட்டியல் எடைப் படிகளாகப் போகிறது: 50 முதல் 69 சென்ட் ஒரு படி, 70 முதல் 89 அடுத்த படி. 68 சென்ட் கல் கீழ்ப்படி விலையில் வரும், விட்டத்தில் வித்தியாசம் தலைமுடி அளவுகூட இராது. இதே தரத்தில் 67, 68 சென்ட் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கற்கள் குறைவாகத்தான் வரும், கடைக்காரர் வரவழைத்துத் தர ஒரு வாரம் கேட்டால் கொடுக்கலாம்.

மோதிரத்துக்கு 18 கேரட் தங்கம் போதும். 22 கேரட் மென்மையானது, கல்லைப் பிடிக்கும் கொக்கிகள் துணியில் மாட்டி நிமிர்ந்துவிடும். கொக்கி ஆறு இருக்கட்டும், அவையும் மஞ்சள் தங்கத்திலேயே இருக்கட்டும். வளையம் மஞ்சள், கொக்கி மட்டும் வெள்ளை என்று செய்து தருவது இப்போது வழக்கம். கே கல்லுக்கு அது பொருந்தாது. தோட்டுக்குச் செய்வது போலப் பின்புறம் மூடிய க்ளோஸ்டு செட்டிங் கேட்காதீர்கள். தங்கக் கிண்ணத்தின் மஞ்சள் கல்லுக்குள் பிரதிபலித்து இன்னும் மஞ்சளாக்கும், சோப்பும் எண்ணெயும் உள்ளே போனால் எடுக்கவும் முடியாது. சுற்றிலும் பொடி வைரம் பதிக்கச் சொல்லி ஆசை காட்டுவார்கள். பொடிக் கற்கள் வெள்ளையாக இருந்தால் நடுக்கல் மஞ்சளடித்துத் தெரியும். ஒற்றைக் கல்லே அழகு. வளையம் 2 மில்லிமீட்டர் அகலத்துக்குக் குறைய வேண்டாம், மெல்லியது சீக்கிரம் கோணும்.

ஜி கல், வெள்ளைத் தங்கம் என்று முடிவானால் ஒன்றை நினைவில் வையுங்கள்: அந்த வெண்மை பெரும்பாலும் மேலே பூசிய ரோடியம் என்ற உலோகம். தினம் போட்டால் ஓரிரு வருடத்தில் தேய்ந்து அடியில் உள்ள மங்கல் மஞ்சள் தலைகாட்டும், திரும்பப் பூச வேண்டும். பிளாட்டினத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.

பில்லில் தங்கத்தின் நிகர எடையும் வைரத்தின் கேரட் எடையும் தனித்தனியாக வர வேண்டும். 70 சென்ட் என்பது 0.14 கிராம், அதைத் தங்க எடையில் சேர்த்துக் கணக்குப் போட விடாதீர்கள். மோதிரத்தில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை, 18 கேரட் 750, எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இடம் கொண்ட எச்யுஐடி என்ற தனி அடையாளக் குறியீடு மூன்றும் இருக்க வேண்டும். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் தட்டிப் பார்க்கலாம். அது தங்கத்துக்கான சான்று மட்டுமே, வைரத்துக்கு ஜிஐஏ அல்லது ஐஜிஐ (இன்னொரு பரிசோதனை நிறுவனம்) அறிக்கை தனியாக வேண்டும். அறிக்கை எண் கல்லின் இடுப்பு விளிம்பில் லேசரால் பொறிக்கப்பட்டிருந்தால் பத்து மடங்கு லென்ஸில் காட்டச் சொல்லிச் சரிபாருங்கள். கல் பதித்த பிறகும் ஒருமுறை பாருங்கள், பட்டறைக்குப் போய் வந்தது அதே கல்தானா என்று தெரியும்.

"இயற்கை வைரம்" என்று பில்லிலும் எழுதி வாங்குங்கள். ஆய்வகத்தில் வளர்த்த வைரமும் வைரமே, கடையில் வைத்திருக்கும் பேனா மாதிரி சாதாரண டெஸ்டர் இரண்டையும் பிரித்துச் சொல்லாது. மறுவிற்பனையில் ஆய்வக வைரத்துக்குக் கிடைப்பது மிகக் குறைவு. உங்கள் ஊருக்கென்று ஒரு எச்சரிக்கை: இலங்கை வியாபாரத் தொடர்புள்ள வீடுகளில் "பழைய வைரம்" என்று பெட்டியில் கிடக்கும் வெள்ளைக் கற்களில் மாத்தறை வைரம் என்று பேர் வாங்கிய, வைரமே அல்லாத சிர்க்கான் என்ற கல்லும் உண்டு. லென்ஸில் மேலிருந்து பார்த்தால் அடிப்பக்க விளிம்புகள் இரட்டையாகத் தெரியும். அப்படிப்பட்ட கல்லைக் கொடுத்து மாற்றிக்கொள்ளும் எண்ணம் இருந்தால் முன்பே சோதித்துவிடுங்கள். திரும்ப வாங்கும் விலை விழுக்காட்டையும் எழுத்தில் கேளுங்கள். கே கல்லுக்கு வாங்குபவர் குறைவு. பிற்காலத்தில் விற்கும் எண்ணமிருந்தால் அந்தப் பணத்துக்குத் தங்க நாணயம் வாங்குவதே மேல்.

நிச்சயத்துக்கு முதல் நாள் மருதாணி வைக்கும்போது மோதிரம் விரலில் இருக்கக் கூடாது. விழுது கல்லின் அடியில் புகுந்து காய்ந்தால் கல் மங்கிவிடும். வைரத்தில் எண்ணெய்ப் பசை ஒட்டும், அதனால் தேங்காய் எண்ணெய், மீன் கழுவிய கை எல்லாம் ஒளியைக் குறைக்கும், மங்கிய கே கல் இன்னும் மஞ்சளாகத் தெரியும். வாரம் ஒருமுறை வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் நாலு சொட்டு விட்டு, கால் மணி நேரம் ஊறவைத்து, குழந்தைப் பல்துலக்கியால் கல்லின் அடிப்பக்கத்தைத் தேய்த்தால் போதும். முத்து மோதிரத்தைக் கூடச் சேர்த்துப் போட்டுவிடாதீர்கள், முத்துக்கு இந்தக் குளியல் ஆகாது. உப்புத் தண்ணீர் வைரத்தை ஒன்றும் செய்யாது, ஆனால் கடலில் இறங்கினால் குளிர்ந்த விரல் சுருங்கி மோதிரம் நழுவும், கழற்றி வைத்துவிட்டு இறங்கச் சொல்லுங்கள்.

மச்சியின் விரல் அளவுக்கு, அவர் வழக்கமாக அதே விரலில் போடும் மோதிரத்தைக் கேட்டு வாங்கி உள்விட்டத்தை அளக்கச் சொல்லுங்கள். நேரில் அளந்தால் உச்சி வெயிலில் வேண்டாம், விரல் வீங்கியிருக்கும். வேலைப்பாடில்லாத வளையத்தைப் பிறகு ஓரிரு அளவு கூட்டவோ குறைக்கவோ முடியும், அந்த வேலைக்குக் கூலி வாங்க மாட்டோம் என்று கடைக்காரரிடம் பில் போடும்போதே எழுதி வாங்கிவிடுங்கள்.